லக்சிற்றி என்று எழுதினேன்

எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீசு வரும். நிறைய வராது, ஒரே ஒரு சொல்தான் வரும். ‘கெயர்லெஸ்.’ பால் பொங்கி அடுப்பில் ஊற்றுப்பட்டால் கெயர்லெஸ். மகன் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தால் கெயர்லெஸ். என் கணவர் சைக்கிளைப் பூட்டாமல் விட்டுவிட்டு வந்தால் இரண்டு தரம் கெயர்லெஸ். அர்த்தத்தை யோசித்து நான் அதைச் சொன்னதே கிடையாது. தும்மல் மாதிரி, மூக்கு அரித்தால் வந்துவிடும்.

அந்தச் சொல்லுக்குக் கந்தோர் உடுப்புப் போட்ட ஒரு தமக்கை இருக்கிறாள் என்பது எண்பத்தாறாம் ஆண்டுதான் எனக்குத் தெரிய வந்தது.

அப்போது தொண்டைமானாற்றுக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஒரு சின்ன உப தபாற்கந்தோரில் நான் தபாலதிபராக இருந்தேன். அதிபர் என்ற பெயருக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எனக்குக் கீழே ஒரே ஒரு ஆள், தபால்காரர். அவர் என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைப் பிள்ளை என்பார். பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் பை வரும். பஸ் ஓடாத நாளில் வராது. தந்தி மட்டும் தொலைபேசியில் வரும். அங்கேயிருந்து ஒருவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் தாளில் எழுதி, உறையில் போட்டு அண்ணையிடம் கொடுப்பேன்.

ஒவ்வொரு தந்தியோடும் ஒரு சின்னத் துண்டு போகும். வீட்டுக்காரர் அதில் நாளும் நேரமும் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். அந்தத் துண்டு என் கைக்கு வராமல் நான் கந்தோரைப் பூட்டமாட்டேன். “அண்ணை, துண்டு எங்கை?” என்று நான் கேட்கும் சத்தம் எதிர்க் கடைக்குக் கேட்கும் என்று கடைக்காரர் பகிடி பண்ணுவார். பின்னேரம் துண்டுகளை இலக்க ஒழுங்கில் ஒரு பெரிய புத்தகத்தில் ஒட்டுவேன். புதுப் புத்தகம் கேட்டால் மேலிடம் இலேசில் தராது. அதனால் ஒன்றின் கீழ் விளிம்பில் அடுத்ததை ஏற்றி, இடைவெளி இல்லாமல் ஒட்டுவது என் பழக்கம்.

அண்ணையும் இலேசுப்பட்டவர் இல்லை. அவர் கடிதக் கட்டைக் கட்டினால் சவர பிளேட் இல்லாமல் அவிழ்க்க முடியாது. “இதுக்குள்ளை என்ன தங்கமே கிடக்கு?” என்று ஏசுவேன். “ஆரோ ஒரு பிள்ளையின்ரை கடிதம்” என்பார். மழைக்காலத்தில் தான் நனைவார், பை நனையாது. தெரு முனையில் காவல் சென்றி போட்டு மறித்தாலும் வயல் வரம்பால் சுற்றிப்போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அப்படிப்பட்ட மனுசன் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கந்தோர் பூட்டுகிற நேரத்தில், ஒரு துண்டை என் மேசையில் வைத்தார். நான் புத்தகத்தை விரித்து, அதற்குரிய இடத்தில் பசை தடவி ஒட்டினேன். ஒட்டி அமத்திய பிறகுதான் நாளைப் பார்த்தேன்.

“அண்ணை, இதென்ன? சனிக்கிழமை எண்டு கிடக்கு. இது செவ்வாய்க்கிழமைத் தந்தியெல்லோ?”

“ஓம் பிள்ளை.”

“ஓமோ? நாலு நாளா எங்கை கிடந்தது?”

“சட்டைப் பொக்கற்றுக்கை. மறந்துபோனன்.”

அது சும்மா தந்தி இல்லை. மலாயாவில் இருந்த தமையன் காலமாகிவிட்டார் என்று எங்கள் ஊர்ப் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவருக்கு வந்த தந்தி. என் கையால் எழுதியது.

“செத்தவீட்டுத் தந்தியை மறக்கிறதோ? ஐயோ கடவுளே! கெயர்லெஸ்! சுத்தக் கெயர்லெஸ்! உங்களுக்கு என்ன விசரே?”

எதிர்க் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று முழுக்க நெஞ்சு படபடத்தது. கோபம் என்றுதான் நினைத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து மேலிடத்திலிருந்து நீட்டு உறை ஒன்று வந்தது. தோட்டக்காரர் பெட்டிசம் போட்டிருந்தார். தமையன் செத்த தந்தி நாலு நாள் பிந்தி வந்ததென்றும், மலாயாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒரு பதில்கூட இல்லை என்று மனம் நொந்து எழுதியிருக்கிறார்கள் என்றும், பருத்தித்துறைக் கோட்டடியில், நீதிமன்ற வாசலில், காசுக்கு எழுதுகிற யாரோ நல்ல இங்கிலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். அதன் பிரதியோடு எனக்கொரு கேள்வி. தபால்காரர் இதை வேண்டுமென்று செய்தாரா, அல்லது இது அவருடைய ‘லக்சிற்றி’யால் நடந்ததா என்று விசாரித்து, இரண்டு வாரத்துக்குள் அறிக்கை தரவும்.

லக்சிற்றி. அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கண்டதில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கணவரிடம் காட்டினேன். அவர் கணக்கு வாத்தியார். ஆனால் அட்டை போன பழைய அகராதி ஒன்று வைத்திருந்தார். அதில் விரலை ஓட்டி வாசித்தார். தளர்ச்சி, நெகிழ்ச்சி, கண்டிப்பின்மை, அசட்டை.

“கயிறு இளகிக் கிடந்தாலும் இந்தச் சொல்தான். ஆள் கண்டிப்பில்லாமல் வேலை செய்தாலும் இந்தச் சொல்தான். உமக்குப் பிறவியிலை இல்லாத குணம்” என்று சிரித்தார்.

“பகிடியை விடுங்கோ. நான் என்ன எழுதுறது?”

“ஏன் யோசிக்கிறீர்? ஆமியின்ரை ஹெலி வந்தது, பஸ் நிண்டது, நிலைமை சரியில்லை எண்டு எழுதும். கொழும்பிலை இருக்கிறவைக்கு அது விளங்கும்.”

எழுதியிருக்கலாம். எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை ஹெலியும் வரவில்லை, பஸ்ஸும் நிற்கவில்லை. அன்றைக்கு வந்த இன்னொரு தந்தியை அண்ணை பத்து நிமிசத்தில் கொடுத்துத் துண்டோடு வந்திருந்தார். அந்த நேரம் புத்தகத்தில் கிடந்தது.

அகராதியை இரண்டு மூன்று தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தளர்ச்சியாம், நெகிழ்ச்சியாம். பிளேட்டால் வெட்டவேண்டிய முடிச்சுப் போடுகிற மனுசனுக்கு இந்தச் சொல்லை எப்படி ஒட்டுவது? சரி, வேண்டுமென்று செய்தார் என்று எழுதினால் வேலை போகும். ஓய்வூதியத்துக்கு இன்னும் எட்டு மாதம்தான் இருந்தது. அதுவும் போகும். அத்தோடு வேண்டுமென்று செய்ய அவருக்கென்ன விசரா? கேட்டவர்கள் இரண்டே இரண்டு பதில் வைத்திருந்தார்கள். இரண்டிலும் அண்ணை இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த நாள் காலை பஸ் வரமுன் அவரை இருத்திவைத்துக் கேட்டேன்.

“அண்ணை, நீங்கள் மறக்கிற ஆளில்லை. உண்மையைச் சொல்லுங்கோ. என்ன நடந்தது?”

அவர் கடிதம் கட்டும் கயிற்றை மேசையில் வைத்தார்.

“அண்டைக்குப் பின்னேரம் தந்தியோடைதான் போனனான் பிள்ளை. படலை வரைக்கும் போனனான். பொம்பிளையள் முற்றத்திலை இருந்து பலகாரம் சுடுகினம். விடிஞ்சாத் தாலிக்குப் பொன்னுருக்கு. வெள்ளிக்கிழமை கலியாணம். கலியாணப் பொம்பிளை என்னைக் கண்டிட்டு ஓடிவந்து ஒரு பயித்தம் பணியாரத்தைக் கையிலை வைச்சிட்டுது. நான் என்னெண்டு குடுக்க?”

அதற்குமேல் அவர் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் மிச்சம் தெரியும். தகப்பன் வழியில் ஒரு சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. அந்த நாட்களில் கலியாணம் இல்லை, கோயில் இல்லை. மாப்பிள்ளை சவூதியிலிருந்து ஒரு மாத லீவில் வந்தவன். துடக்குக் கழியமுன் அவன் பிளேன் ஏறிவிடுவான். பிறகு எப்போது வருவான், வந்தாலும் இதே பிள்ளையைக் கட்டுவானா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் கடல் கடந்த சாவுக்கு ஒரு வழி இருந்தது. செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் துடக்கு. கேளாதவர்களுக்குத் துடக்கு இல்லை. அதனால் கலியாணம் நெருங்கிய வீட்டுக்குச் சாவுச் செய்தி வந்தால், தெரிந்தவர்கள் தாலி ஏறும்வரை வாயைத் திறக்கமாட்டார்கள். அதைப் பாவம் என்று யாரும் நினைத்ததில்லை. அண்ணையும் ஊர் செய்வதைத்தான் செய்தார். அரசாங்கத்தின் தந்தியை வைத்துச் செய்தார் என்பதுதான் வித்தியாசம்.

“அப்ப இது வேணுமெண்டு செய்ததெல்லோ அண்ணை” என்றேன்.

“ஓம். அப்பிடித்தானே சொல்லவேணும்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பஸ் கோர்ன் அடித்தது. பையை எடுக்க எழும்பிப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் பெட்டிசம் போட்ட தோட்டக்காரரே வந்து நின்றார். முத்திரை வாங்க வந்தவர்கள் போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு கிட்ட வந்து, “பிள்ளை, விசாரணை வந்ததாமே?” என்றார்.

“வராமல் என்ன செய்யும்? நீங்கள்தானே எழுதினனீங்கள்” என்று வெடுக்கென்று சொன்னேன்.

“கோவிக்காதை பிள்ளை. நான் எழுதாமல் விட்டிருந்தால் சம்பந்தி வீடு என்ன நினைக்கும்? தமையன் செத்தது தெரிஞ்சும் நான் தந்தியை ஒளிச்சுப்போட்டுக் கலியாணத்தைச் செய்தனான் எண்டுதானே கதைப்பினம். ஏற்கெனவே மாமிக்காரி ஒரு மாதிரிக் கதைக்கிறாவாம். என்ரை பிள்ளை அங்கை சீவிக்கவெல்லோ வேணும்.” பிறகு குரலை இறக்கினார். “ஆனால் அந்த மனுசனுக்கு ஒண்டும் வரப்படாது. அப்பிடி எழுதேலாதோ?”

பெட்டிசமும் போட்டுவிட்டு, பெட்டிசம் பலிக்கக்கூடாது என்றும் என்னிடமே மன்றாடுகிற மனுசனை என்ன செய்வது? சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அண்ணை வேண்டுமென்று வைத்திருந்தார் என்று நான் எழுதினால் அண்ணையின் வேலை மட்டும் போகாது. தோட்டக்காரர் சொல்லித்தான் வைத்திருந்தார் என்று சம்பந்தி வீடு முடிவு கட்டும். அந்தப் பெண் துடக்கோடு தாலி கட்டியவள் என்று காலம் முழுக்கக் கேட்கவேண்டி வரும். எல்லாரும் தப்ப ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. அண்ணை அசட்டையான ஆள் என்று நான் எழுதவேண்டும். முப்பத்துச் சொச்சம் வருசம் ஒரு கடிதம் தவறவிடாத மனுசன், தன் முடிவுக் காலத்தில், லக்சிற்றி உள்ளவன் என்று ஒப்புக்கொள்ளவேண்டும்.

எழுதினேன். கணவர் பக்கத்தில் இருந்து சொல்லுக்குச் சொல் பார்த்தார். தாமதம் தபால்காரரின் லக்சிற்றியால் ஏற்பட்டது, கெட்ட எண்ணம் இல்லை, இதுவே முதல் தடவை. எழுதும்போது அழுகை வந்துவிட்டது. அந்தச் சொல்லில் எனக்கு அவ்வளவு அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் அண்ணையின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துச் சொன்னேன். ‘அசட்டை’ என்ற இடத்தில் தடுமாறினேன். அவர் தடுமாறவில்லை.

“நல்லாயிருக்கு பிள்ளை. எங்கை வைக்கவேணும்?”

“உங்களுக்கு மனவருத்தம் இல்லையோ அண்ணை?”

“என்னத்துக்கு? பிள்ளை சந்தோசமா இருக்குது, அது போதும்.” பேனையைக் கையில் எடுத்தவர் நிறுத்தினார். “நீங்கள் அண்டைக்கு இடம் விட்டு ஒட்டியிராட்டி நான் துணிஞ்சிருக்க மாட்டன்.”

“என்ன இடம்?”

“புத்தகத்திலை. செவ்வாய்க்கிழமை இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. புதன்கிழமை விடிய, உங்களிட்டைச் சொல்லிப்போட்டுத் தந்தியைக் கொண்டுபோய்க் குடுப்பம் எண்டுதான் வந்தனான். நீங்கள் வரமுன் என்னட்டை இருந்த திறப்பாலை கதவைத் திறந்தனான். மேசையிலை புத்தகம் விரிச்சபடி கிடந்தது. இந்தத் தந்திக்கு முந்தின துண்டும் ஒட்டிக் கிடக்கு, பிந்தின துண்டும் ஒட்டிக் கிடக்கு. நடுவிலை அளவா ஒரு இடம். ஆ, பிள்ளைக்கு விளங்கியிருக்கு, பிள்ளை பாத்துக்கொண்டுதான் இருக்குது எண்டு நினைச்சன். பேந்து நீங்கள் வந்தும் துண்டு எங்கை எண்டு கேக்கேல்லை. புதனும் கேக்கேல்லை, வியாழனும் கேக்கேல்லை. வெள்ளிக்கிழமை கலியாண வீட்டிலை உங்களைப் பந்தியிலை கண்டனான். சிரிச்சனீங்கள்.”

நான் புத்தகம் இருந்த பக்கம் திரும்பினேன்.

“அப்ப சனிக்கிழமை நான் உங்களை ஏசினது?”

“கடையிலை நிண்டவைக்குக் கேக்கவெண்டு ஏசுறியள் எண்டு நினைச்சன். அதுதான் நானும் பேசாமல் போனனான்.”

புத்தகத்தை எடுத்து விரித்தேன். பக்கம் முழுக்கத் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சனிக்கிழமை நான் ஒட்டிய அந்தத் துண்டுக்கு மட்டும் மேலேயும் ஏற்றம் இல்லை, கீழேயும் ஏற்றம் இல்லை. யாரோ அளந்து விட்டிருந்ததுபோல அது இடத்தில் பொருந்திக் கிடந்தது. அந்தப் புத்தகத்தில் என்னைத் தவிர வேறு யாரும் பசை தடவுவதில்லை.

நான் அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பார்த்தேன். தொலைபேசியில் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதியது நினைவிருந்தது. எழுதும்போதே, இது கலியாண வீடல்லோ என்று நினைத்ததும் நினைவிருந்தது. அண்ணையின் சைக்கிள் போனது நினைவிருந்தது. ஐந்து மணிக்குப் பிறகு இன்னொரு தந்தி வந்ததும், அதைக் கடைக்காரரே வந்து வாங்கிக் கையெழுத்து வைத்ததும் நினைவிருந்தது. துண்டுகளை ஒட்டியதுதான் நினைவில் இல்லை. மூளையை எவ்வளவு கசக்கினாலும் அது வரவில்லை. வெள்ளிக்கிழமை பந்தியில் இருந்தபோது என்ன நினைத்தேன்? தந்தி கிடைத்தும் இவர்கள் மறைத்துவிட்டார்கள் என்று நினைத்தேனா? அல்லது ஒன்றையும் நினைக்காமல் இருக்கக் கவனமாக இருந்தேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதுகூட உண்மையா என்று தெரியாது.

அண்ணை கையெழுத்து வைக்கமுன் அந்தத் தாளை வாங்கிக் கிழித்தேன்.

“என்ன பிள்ளை செய்யிறியள்?”

“சும்மா இருங்கோ. கதையாதேங்கோ.”

புதிதாக ஒன்று எழுதினேன், இந்தத் தரம் கணவரிடம் காட்டாமல். தபால்காரர் மறந்துவிட்டார். ஆனால் துண்டை அன்றன்றே கேட்டு வாங்கவேண்டியது தபாலதிபரின் கடமை. நாலு நாளாக அதைக் கேட்காமல் விட்டது என்னுடைய லக்சிற்றி. கீழே என் கையெழுத்து. லக்சிற்றி என்று எழுதியபோது அது பொய் என்று தெரிந்துதான் எழுதினேன். அதற்குப் பதிலாக என்ன சொல்லை எழுதுவது என்று தெரிந்திருந்தால் அதை எழுதியிருப்பேனோ என்னவோ.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. அண்ணைக்கு வாயளவில் எச்சரிக்கை, எனக்கு எழுத்தில் கண்டனம். அது என் பைலில் ஏறி, எனக்கு வரவேண்டிய உயர்வைச் சில வருசம் பின்னுக்குத் தள்ளியது. அண்ணை ஒழுங்காக ஓய்வுபெற்றுப் போனார். அந்தப் பெண் மாதம் இரண்டு தரம் சவூதிக்கு முத்திரை வாங்க வருவாள். தன் மாமியைப் பற்றிக் குறை சொல்வாள். ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பதில் வந்த அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது மகன் படலையில் ஒற்றைச் செருப்போடு நின்றான். ஏச்சு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டான். எனக்கும் வாய் திறந்தது. அந்தப் பழைய சொல் வரவில்லை. “மற்றது எங்கை?” என்று மட்டும் கேட்டேன்.

எங்கை என்று கேட்பது அவ்வளவு சுலபமான காரியம். செவ்வாய்க்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரைக்கும் நான் அதைக் கேட்கவில்லை.